முறுக்கு டின்னும் எங்கள் ஆறும்

எங்கள் ஆறு செஞ்சி மலைப் பக்கம் பிறக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அதைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். பூகோளத்தில் நான் மொத்தமாக வாங்கியதில் அது கணிசமான பங்கு. ஆனால் அம்மா அதை ஒத்துக்கொண்டதே இல்லை. அம்மாவின் கணக்கில் ஆறு என்பது அக்காவைக் கட்டிக் கொடுத்த ஊரின் துறையில் ஆரம்பிக்கும். அதற்கு மேலே மலையிருந்தால் என்ன, மகாராஜா இருந்தால் என்ன, அம்மாவுக்கு அக்கறையில்லை.

அங்கிருந்து அது சோம்பல் முறித்துக்கொண்டு கிழக்கே இறங்கி வரும். வழியில் ஒரு ஊர் பாண்டிச்சேரி, அடுத்தது தமிழ்நாடு, அதற்கடுத்தது மறுபடியும் பாண்டிச்சேரி. பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் பங்கு பிரித்துக் கோடு போட்டபோது பக்கத்தில் யாரோ தும்மியிருக்க வேண்டும். ஆறு அந்தக் கோடுகளையெல்லாம் மதித்ததில்லை. வில்லியனூர்ப் பக்கம் பாலத்தின் கீழ் நுழைந்து வெளியே வரும். அப்புறம் இரண்டு கையாகப் பிரியும். ஒரு கை சுண்ணாம்பாறு என்று பெயர் வைத்துக்கொண்டு தெற்கே ஒதுங்கிப் போய்விடும். இன்னொரு கை அரியாங்குப்பம் பக்கமாக வந்து, தேங்காய்த்திட்டைத் தொட்டு, வீராம்பட்டினத்துக்குப் பக்கத்தில் கடலில் விழும். பட்டணத்தின் தெற்கு ஓரத்தில், அந்தக் கையின் விரல் நுனியில் இருந்தது எங்கள் வீடு.

மேலே நல்ல தண்ணீர், எங்களிடம் வந்து சேரும்போது உப்பு. கடல் ஏறினால் எங்கள் பக்கம் ஆறு திரும்பி மேற்கே ஓடும். வடிந்தால் மறுபடி கிழக்கே வரும். புதிதாகப் பார்க்கிறவர்கள் இந்த ஆற்றுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். ஆனால் அந்தத் திரும்பல் ரொம்ப தூரத்துக்கு இல்லை. தாழம்புதர் மண்டிய ஒரு வளைவு உண்டு. உப்புத் தண்ணீர் அதுவரை போய் முட்டிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். ஆக, அக்கா ஊரிலிருந்து எங்கள் ஊருக்கு ஆறு வரும். எங்கள் ஊரிலிருந்து அக்கா ஊருக்குப் போகாது. இந்தப் பூகோளம் எனக்குப் பரீட்சையில் வரவில்லை, பிற்பாடு வந்தது.

அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது எழுபதுகளின் நடுவில். அக்கரையில், அக்கா வாழ்க்கைப்பட்ட தமிழ்நாட்டுப் பக்கம், மதுவிலக்கு மறுபடியும் வந்திருந்த சமயம். எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு கடை, அந்தப் பக்கம் ஒரு சொட்டு கிடையாது. நடுவில் செக்போஸ்ட். பஸ்ஸை நிறுத்தி மூட்டை முடிச்செல்லாம் முகர்ந்து பார்ப்பார்கள். ஆற்று மணலில் மட்டும் செக்போஸ்ட் இல்லை. அதனால் கொண்டுபோகிறவர்கள் எல்லாம் ஆற்றோடு நடந்து போவார்கள். ஒரு காலத்தில் எங்கள் ஆற்றில் தண்ணீர் நடமாட்டத்தைவிட ஆள் நடமாட்டம் அதிகம்.

தலைதீபாவளிக்கு அக்காவும் மச்சானும் வந்தார்கள். மச்சான் நல்ல மனிதர், மானஸ்தர். புதுக் கைக்கடிகாரம் கட்டியிருந்தார். நேரம் கேட்காதவர்களுக்கும் நேரம் சொல்வார். திரும்பிப் போகும்போது அம்மா ஒரு டின் நிறைய முறுக்கு சுட்டு வைத்தாள். ஆலையில் நெசவு வேலை பார்த்த எங்கள் அப்பாவுக்கு, சம்பந்திக்குத் தன் சார்பில் ஏதாவது அனுப்ப வேண்டுமென்று ஆசை. முறுக்குக்கு அடியில் ஒரு பிராந்தி பாட்டிலைப் படுக்கவைத்து, மேலே காகிதம் போட்டு மூடிவிட்டார். மருமகனிடம் சொல்லவில்லை. சொன்னால் வெட்கப்படுவாராம். "ஆத்தோட போயிடுங்க மாப்ளே, காத்தோட்டமா இருக்கும்" என்று மட்டும் சொன்னார். புது மாப்பிள்ளை, பட்டு வேட்டி, கைக்கடிகாரம். அவர் ஏன் மணலில் நடக்கப்போகிறார்? பஸ்ஸில் போனார்.

செக்போஸ்ட்டில் டின்னைக் கவிழ்த்தார்கள். அன்று ராத்திரி மச்சான் லாக்கப்பில் இருந்தார், வேட்டி இல்லாமல். பக்கத்தில் முறுக்கு டின் சாட்சியாக உட்கார்ந்திருந்தது. மறுநாள் காலையில் அவர் அப்பா போய் அழைத்து வந்தபோது தெருவே வாசலில் நின்று பார்த்ததாம்.

மச்சான் எங்கள் தெருமுனை வரை வந்து, அங்கேயே நின்று கத்திவிட்டுப் போனார். "இனிமே உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன். எம் பொண்டாட்டியும் மிதிக்க மாட்டா."

அப்பா சும்மா இருந்திருக்கலாம். "நானும் உன் வாசப்படி மிதிச்சா எம் பேர மாத்திக்கறேன்டா. ஆத்தோடதான போவச் சொன்னேன்? எவன் உன்ன பஸ்ல ஏறச் சொன்னது?"

பிரெஞ்சுக்காரன் போய் எவ்வளவோ காலம் ஆன பிறகும் அப்பாவுக்கு முனிசிபாலிட்டி 'மேரி'தான், போலீஸ்காரன் 'சொல்தா'தான். "சொல்தா கிட்ட மாட்டிக்கினது அவன் தப்பு" என்று தெரு முழுக்கத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா உள்ளே உட்கார்ந்து அழுதாள். நான் மட்டும், முறுக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன். என் மூளை எப்போதும் அப்படித்தான் வேலை செய்யும்.

இரண்டு வாசப்படிக்கும் தடை வந்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது ஆறு. தை மாதம் ஐந்தாம் தேதி எங்கள் பக்கத்தில் ஆத்துத் திருவிழா. கரையோர ஊர்ச் சாமிகள் எல்லாம் புறப்பட்டு ஆற்றுக்கு வந்து தீர்த்தவாரி ஆடிவிட்டுப் போகும். மணலெல்லாம் கடை, ராட்டினம், பலூன். சிறுவள்ளிக்கிழங்கு அன்றைக்குக் குவிந்து கிடக்கும். அம்மா யோசித்துப் பார்த்து ஒரு சட்டம் சொன்னாள். "ஆத்துல ஏதுடா வாசப்படி?"

அதிலிருந்து வருஷா வருஷம் அம்மாவும் அக்காவும் வில்லியனூர்ப் பக்கம் ஆற்று மணலில் பார்த்துக்கொண்டார்கள். அக்கா மேலேயிருந்து வருவாள், நாங்கள் கீழேயிருந்து போவோம். அப்பா ஒரு கரையில், மச்சான் எதிர்க்கரையில், இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் காதை மட்டும் திருப்பி வைத்திருப்பார்கள். நான் நடுவில் கிழங்கு தின்றுகொண்டிருப்பேன். அம்மா அக்காவின் தலையை மடியில் இழுத்துப் போட்டுப் பேன் பார்ப்பாள். வருஷத்துக்கு ஒரு நாள் கிடைக்கிறது, அதில் போய்ப் பேன் பார்ப்பார்களா என்று நான் கேலி செய்வேன்.

"வாய வெச்சிக்கினு கெட. தலய தொட்டாதான்டா தெரியும், புள்ள எப்டி இருக்கான்னு" என்பாள் அம்மா.

பொழுது சாய்ந்து கிளம்பும்போதுதான் வேடிக்கை. அம்மா விடைபெற்று, பலூன்காரன் வரை நடப்பாள். அங்கே சட்டென்று நின்று இடுப்பைத் தடவுவாள். "சாவிய அங்கயே உட்டுட்டேன் போலக்குது." திரும்பி அக்காவிடம் ஓடுவாள். சாவி அவள் இடுப்பிலேயேதான் இருக்கும். அக்காவும் மணலைக் கிளறித் தேடுவதுபோல் தேடுவாள். மறுபடி ஒரு முறை கட்டிப்பிடித்து அழுதுவிட்டு வருவார்கள். எல்லா வருஷமும் அதே சாவி. "அந்தச் சாவிய இன்னா, ஆத்துலயே நட்டு வெச்சிருக்காளா?" என்று அப்பா முதுகைத் திருப்பாமலே கேட்பார்.

இப்படியே வருஷங்கள் போயின. எண்பதுகள் வந்ததும் அக்கரையில் மதுவிலக்கையே எடுத்துவிட்டார்கள். அக்கா ஊர் முனையிலேயே கடை திறந்தது. எந்தச் சட்டத்தால் எங்கள் குடும்பம் இரண்டு துண்டானதோ அந்தச் சட்டமே போய்விட்டது. கோபத்தை மட்டும் எடுக்க யாரும் உத்தரவு போடவில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் அம்மா படுத்தாள். மார்புச்சளி. பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்த மாதிரி சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்கே புரிந்தது. அம்மாவுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. "தை எப்படா பொறக்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு தூது போனேன். சமாதானத் தூதனுக்கு உரிய எந்த லட்சணமும் என்னிடம் இல்லை. காலர் கிழிந்த சட்டை, பெல் இல்லாத சைக்கிள். மச்சான் என்னை உட்காரவைத்து மோர் கொடுத்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "உங்க அப்பா வந்து ஒரு வார்த்த கூப்ட்டா போதும். உடனே அனுப்பறேன்."

அப்பாவிடம் வந்தேன். "அவன் வந்து ஒரு வார்த்த தப்புன்னு சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்."

"இப்டி செய்யலாமேப்பா. நீ ஆத்துல இந்தாண்ட நில்லு, அவரு அந்தாண்ட நிக்கட்டும். நான் நடுவுல நின்னு ஒண்ணு ரெண்டு மூணு சொல்றேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்திடுங்க. யாரு மொதல்லன்னு ஒருத்தருக்கும் தெரியாது."

அப்பா செருப்பைத் தேடினார். நான் நகர்ந்துவிட்டேன். உள்ளே அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி வெகுநேரம் நிற்கவில்லை.

கார்த்திகையில் மழை ஊற்றிக்கொண்டிருந்தபோது அம்மா போய்விட்டாள். தை பிறக்கவில்லை.

சாவுச் செய்தி சொல்ல அக்கா ஊருக்கு ஆள் அனுப்பினோம். அவர் நனைந்துபோய்த் திரும்பி வந்தார். அக்கா ஊருக்கு முன்னால் ஆற்றில் ஒரு தரைப்பாலம். அது முழுக்கத் தண்ணீருக்குள் போய்விட்டதாம். பஸ்ஸும் இல்லை. "அக்கரையில மாடு ஓட்டிக்கினு ஒருத்தரு போனாரு. கத்திச் சொல்லிட்டு வந்தேன். காதுல விழுந்துதா, இல்லியான்னு தெரியல" என்றார்.

நாங்கள் காத்திருந்தோம். ஒவ்வொரு முறை தெருமுனையில் குடை தெரியும்போதும் அப்பா எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றதை யாரும் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டோம். இருட்டப் போகிறது, எடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள்.

"அவன் உட்டிருக்க மாட்டான். எடுங்க" என்றார் அப்பா.

மறுநாள் பால் தெளித்து, சாம்பலையும் எலும்பையும் ஒரு கலயத்தில் எடுத்துக் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் நேரே கடலில் கொண்டுபோய்க் கரைத்துவிடுவது வழக்கம். கடல் எட்டின தூரம். நான் கலயத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இங்கே கரைத்தால் அம்மா இப்படியே கிழக்கே போய்விடுவாள். அக்கா ஊர் மேற்கே இருக்கிறது. ஆறு அவளை அங்கே கொண்டுபோகாது. நான்தான் கொண்டுபோக வேண்டும்.

"மேல போயி அக்கா ஊர்த் தொறையில கரைக்கலாம்ப்பா. அவ கண்ணால பாத்துடட்டும். அங்கேருந்து அம்மா நம்ம வூட்டு வழியாதான கடலுக்குப் போவா?"

"கடல் காலாண்ட இருக்கும்போது எவனாவது ஆத்துல மேல ஏறுவானா?" என்றார் அப்பா. கலயத்தை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பதால், சுடுகாட்டு வேப்பமரத்திலேயே துணியில் கட்டித் தொங்கவிட்டோம். மழை விட்டு வெள்ளம் வடியக் காத்திருந்தேன். அப்பா என்ன நினைக்கிறார் என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலையில் வெயில் அடித்தது. நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனபோது, வேப்பமரத்தடியில் அப்பா ஏற்கெனவே நின்றிருந்தார். கலயம் கையில் இருந்தது. "ஏர்றேன், புடி" என்று கேரியரில் உட்கார்ந்தார். கலயத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். எனக்குத் தெரிந்து, அப்பா அம்மாவை மடியில் வைத்துக்கொண்டது அது ஒரு தடவைதான்.

ஆற்றை ஒட்டியே போனோம். முதலில் உப்பு வாடையும் சேறும். அப்புறம் தாழம்புதர் வளைவு. அதைத் தாண்டியதும் கோரை, நாணல். ஆறு இரண்டு கையாகப் பிரியும் இடத்தில் தண்ணீர் இன்னும் செங்காவியாகச் சுழித்துக்கொண்டிருந்தது. வெள்ளம் கொண்டுவந்து போட்ட தென்னை மட்டைகள், ஒரு பிளாஸ்டிக் குடம், ஒரு கோழிக்கூடு. வில்லியனூர் மேட்டில் என் கால்கள் வேலைநிறுத்தம் செய்தன. இறங்கித் தள்ளினேன். அப்பா இறங்கவில்லை. அவர் இறங்கினால் அம்மா இறங்க வேண்டுமே. வருஷா வருஷம் திருவிழா நடக்கிற மணல் தண்ணீருக்குள் இருந்தது. அம்மாவும் அக்காவும் உட்காருகிற இடம் எது என்றே அடையாளம் தெரியவில்லை. அப்பா அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். வழி முழுக்க அவர் பேசியது ஒரே ஒரு வாக்கியம்.

"இப்டியே ஆத்தோட போயிருந்தா சொல்தா புடிச்சிருக்க மாட்டான்."

நான் மறுபடி ஏறி மிதித்தேன்.

தரைப்பாலத்துக்குப் போனபோது கணுக்கால் தண்ணீர் மேலே ஓடிக்கொண்டிருந்தது. அக்கரையில் ஒரு பெரிய கல்லின்மேல் யாரோ ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்து எழுந்தாள். அக்கா. நாங்கள் வருகிறோம் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. அப்பா பாலத்தின் நடுவில் போய் நின்றுகொண்டார். அதற்கு அந்தப் பக்கம் அவர் கால் வைக்கவில்லை.

அக்கா ஓடி வந்தாள். கலயத்தைப் பார்த்தாள். அழவில்லை. கையிலிருந்த மஞ்சள் பையைப் பிரித்தாள். உள்ளே ஒரு புதுப்புடவை, ஓரமெல்லாம் சேறு. பெற்றவளுக்கு மகள் போடுகிற கோடி.

"அன்னிக்கும் இந்தக் கல்லு மேலதான்டா ஒக்காந்திருந்தேன், காலைலேருந்து இருட்டற வரைக்கும். மாடு ஓட்டிக்கினு வந்தவரு வந்து சொன்னாரு. சொன்ன ஒடனே இவருதான் என்ன இட்டுக்கினு வந்தாரு. தண்ணி கொறையும் கொறையும்னு பாத்தேன், கொறையவே இல்ல. இவரு எறங்கிட்டாரு. அந்தாண்ட போயி சேதியாவது சொல்லிட்டு வர்றேன்னு எறங்கிட்டாரு. பாதில இஸ்துக்கினு போயிடுச்சி. கயிறு போட்டுதான் தூக்கினாங்க. அதுக்கப்புறம் தெனமும் தண்ணி கொறஞ்சிதான்னு பாக்க வந்துடுவேன்."

அப்போதுதான் கவனித்தேன். அக்கரையில் மச்சான் நின்றிருந்தார். நெற்றியில் கட்டு. ஒரு கண் வீங்கியிருந்தது. கைக்கடிகாரம் இல்லை. அவர் விட்டிருக்கிறார், ஆறுதான் விடவில்லை. அப்பா அவரைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் முதல்முறையாக முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்வார் என்று நினைத்தேன். கலயத்தை மட்டும் அக்கா பக்கம் நீட்டினார்.

அக்கா புடவையைப் பிரித்துக் கலயத்தின்மேல் போர்த்தினாள். அவ்வளவு பெரிய புடவை, அவ்வளவு சின்னக் கலயம். அம்மா அதற்குள் எங்கே இருக்கிறாள் என்றே தெரியவில்லை.

கரைக்க நான்தான் இறங்க வேண்டும். ஆற்றோரம் பிறந்து வளர்ந்து நீச்சல் தெரியாத ஒரே ஆள் நான். பாலத்தின் ஓரத்தில் நின்று ஒரு காலை மட்டும் நீட்டிப் பார்த்தேன். பின்னாலிருந்து யாரோ என் அரைஞாண் கயிற்றை இறுக்கிப் பிடித்தார்கள். மச்சான். "எறங்கு, நான் புடிச்சிக்கிறேன்" என்றார். அவருக்கே இன்னும் கால் சரியாக ஊன்றவில்லை. அவர் தடுமாறியபோது அவர் கையை அப்பா பிடித்தார். பிடித்தது இருவருக்கும் தெரிந்ததா என்று தெரியாது. கலயத்தைச் சாய்த்தேன். சாம்பல் ஒரு நிமிஷம் தண்ணீரின்மேல் விரிந்து நின்றது. பிறகு பாலத்தைத் தாண்டிக் கிழக்கே போயிற்று. அக்கா பையில் வைத்திருந்த சாமந்திப் பூக்களைப் பிய்த்துப் பின்னாலேயே போட்டாள்.

"நம்ம வூட்டத் தாண்ட எவ்ளோ நேரமாவும்டா?" என்று கேட்டாள்.

"மத்தவங்களா இருந்தா விடியக்காலம் தாண்டிடுவாங்க. அம்மா வழில நிக்கிற ஆளாச்சே. வில்லியனூர்லயே பாதி நாளு பேசிக்கினு நின்னுடுவா."

அக்கா சிரித்தாள். சிரித்தபடியே அங்கேயே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அழுதாள். அழுகை ஓய்ந்ததும் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அப்ப நான் நம்ம வூட்டுக்குப் போறேன். அவ வர்றதுக்குள்ள நான் அங்க இருக்கணும்."

யாரிடமும் கேட்கவில்லை. மச்சானைப் பார்த்தாள், அவ்வளவுதான். மச்சான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "பஸ் உட்டுட்டாங்க. ஏத்தி உடறேன்" என்றார். அவர் வரவில்லை. அவர் எங்கள் வாசப்படி ஏறுவதற்கு இன்னும் சில வருஷங்கள் ஆயின. அதுவும் ஒரு நல்ல காரியத்துக்கு அல்ல.

மறுநாள் விடிந்தும் விடியாமல், நாங்கள் மூன்று பேரும் தேங்காய்த்திட்டுப் பக்கம் ஆற்றங்கரையில் போய் நின்றோம். படகுகள் கடலுக்குப் போயிருந்தன. தண்ணீர் கிழக்கே வடிந்துகொண்டிருந்தது. குப்பையும் நுரையுமாக வந்ததில் சில சாமந்தி இதழ்கள் தெரிந்தன. எங்கள் பூவா, வேறு யாராவது போட்டதா, யார் கண்டது? நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

இதழ்கள் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாகி, எங்களுக்கு நேரே வந்து அசையாமல் நின்றன. கடல் ஏறத் தொடங்கியிருந்தது. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி, வந்த வழியே மேற்கே போகத் தொடங்கின.

"எதையோ மறந்துட்டாடா" என்றாள் அக்கா.

அப்பா தன் இடுப்பைத் தடவினார். அம்மா செருகியிருந்த வீட்டுச் சாவி இப்போது அவரிடம் இருந்தது. அதை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, தண்ணீர் கால் நனைக்கும்வரை இறங்கினார்.

"சாவி எங்கிட்ட இருக்குடி" என்றார். "நீ போயிட்டு வா."

இதழ்கள் தாழம்புதர் வளைவுவரை போயிருக்கும். அதற்கு மேல் உப்புத் தண்ணீர் போகாது.